உள்பக்கம் இழந்த தெரு

நூல்காரத் தெருவின் நாற்பத்தொரு வீடுகளும் தங்கள் உள்பக்கத்தை இழந்த வருஷத்தில், பிசகு சொர்ணபாயின் கையில்தான் நடந்தது என்று பங்குச் சாமியார் சொன்னார், மீன் கொண்டுவருகிறவள் சொன்னாள், பஸ் பிடித்து வந்து வேடிக்கை பார்த்துப் போனவர்கள் சொன்னார்கள், சொர்ணபாயும் ஆமாம் என்றாள். ஆனால் அவள் ஆமாம் சொன்ன விதம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, ஏனென்றால் பிசகு செய்தவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டியதை அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

புன்னைவிளையில் லேஸ் பின்னுகிறவர்களின் தெரு அது. அன்னம்மாள் கோயிலைச் சுற்றி வட்டமாக ஓடும், ஓடி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். முதல் வீடு வில்சனுடையது, நாற்பத்தொன்றாவது வீடு சொர்ணபாயுடையது, இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கொக்கி ஊசியும் வெள்ளை நூலுமாக உட்கார்ந்து, தன் வாசற்படியிலிருந்து அடுத்த வீட்டு வாசற்படிவரை இருபதடிக்கு, லேஸுக்கு அடித்தளமாக, நூல் கண்ணிகளாலான அடிச்சங்கிலி போட்டு வைப்பாள்; இணைக்கிறவள் வீடு வீடாக நடந்து ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே வருவாள்; கடைசி இணைப்பு விழுந்ததும் தெருவைச் சுற்றி ஒரே வளையம் கிடக்கும். அந்த வளையத்தின் மேல் வரிசை வரிசையாகப் பின்னிப் பின்னி, பத்தாம் நாள் தேரில் அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். இருபத்தாறு வருஷமாக இணைக்கிறவள் சொர்ணபாய்தான்.

இணைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். சங்கிலிக்கு முகம் உண்டு, முதுகும் உண்டு. முகத்தில் கண்ணிகள் ஒன்றின் மடியில் ஒன்றாக வரிசையாய்ப் படுத்திருக்கும். முதுகில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். அடிச்சங்கிலி எலும்பில்லாத சாமான், சும்மா வைத்திருந்தாலே தன் பாட்டுக்குத் திருகிக்கொள்ளும், முகம் எது முதுகு எது என்று கண்ணை ஏமாற்றும். அதனால் கடைசி முடிச்சைப் பூட்டுமுன் இணைக்கிறவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் சங்கிலியைத் தடவிக்கொண்டே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும், எல்லா இடத்திலும் முகம் மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு திருகலோடு பூட்டி அதன்மேல் ஒரு வரிசையும் பின்னிவிட்டால் பிறகு இழுத்தாலும் போகாது, கஞ்சி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அத்தனையையும் அவிழ்த்தால்தான் உண்டு. இருபத்தைந்து வருஷமும் சொர்ணபாய் அந்தச் சுற்றைச் சுற்றிவிட்டுத்தான் பூட்டினாள். இருபத்தாறாவது வருஷம் சுற்றவில்லை.

அதற்குக் காரணம் மேபல். மேபல் வில்சனின் மனைவி, பதினொரு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி அந்த முதல் வீட்டுக்கு வந்தவள். தெருவிலேயே அவள் சங்கிலிதான் அழகு. முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்காது. வில்சன் பங்குப் பேரவைச் செயலர், கோயிலில் வாசகம் வாசிக்கிறவன், தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நாற்காலி கொண்டுவந்து போடுகிறவன். அவன் மேபலை அடிப்பான். கல்யாணமான மூன்றாம் மாசத்திலிருந்து அடிக்கிறான். அது சொர்ணபாய்க்குத் தெரியும், ஏனென்றால் சுவர் ஒரே சுவர். அடி விழுகிற சத்தம் கேட்கும், பிறகு மேபல் அழாமல் இருக்கப் பாடுபடுகிற சத்தம் கேட்கும். சொர்ணபாய் என்ன செய்தாள்? ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். பதினொரு வருஷம் கூட்டி வைத்தாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டு ரேடியோவும் சில நேரங்களில் ஒன்றாகச் சத்தம் கூடும், ஒன்றாகக் குறையும். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு, பாட்டில் எவ்வளவு பிரியமான ஜனங்கள் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள்ளே நடக்கிறது நமக்கெப்படித் தெரியும் என்பது நூல்காரத் தெருவில் ஒரு ஜெபம்போலச் சொல்லப்பட்டு வந்தது.

கொடியேறுகிற அன்று காலையில் சொர்ணபாய் நாற்பது இணைப்பும் போட்டு முடித்து, கடைசி இணைப்புக்காக முதல் வீட்டு வாசலுக்கு வந்தாள். சங்கிலி முனையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றது மேபல் இல்லை, வில்சன். அந்தச் சங்கிலியை அதுவரை எந்த ஆணும் தொட்டதில்லை.

"மேபல் எங்கல?" என்றாள் சொர்ணபாய்.

"தலைவலி மைனி, படுத்திருக்கா. நான் பிடிச்சா ஒத்துக்காதா? சட்டுனு பூட்டுங்க, ஃபாதர் கொடியப் பிடிச்சிட்டு நிக்காரு."

உள்ளே வாளியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவி, மூக்கை உறிஞ்சி, மறுபடியும் முகம் கழுவுகிற சத்தம் அது. சொர்ணபாய் சங்கிலியின் முனையைப் பார்த்தாள். கடைசி நாலைந்து கண்ணியில் செம்பழுப்பாக ஒரு விரல்கறை இருந்தது. அவளுக்குக் கோபம் ஏறியது, வில்சன்மேல் ஏறியது, கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாமியார்மேல் ஏறியது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் ரேடியோமேல் ஏறியது, ஏறி வந்து கண்ணை மறைத்தது. அவன் கையிலிருந்து முனையைப் பிடுங்கினாள், ஊசியைக் குத்தினாள், நூலை இழுத்தாள், பூட்டினாள். சுற்றவில்லை, தடவவில்லை, பார்க்கவில்லை. மணி அடித்தது, வேட்டு போட்டார்கள், கொடி ஏறியது.

சாயங்காலம் நாற்பதாவது வீட்டு லில்லிபாய், கோழி உள்ளே வராமலிருக்கக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அடுப்பும் கஞ்சிப்பானையும் அவளும் தெருவில் இருந்தார்கள், சாத்திய கதவு அவள் முதுகுப்பக்கம் இருந்தது. அடுத்த வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மாதா சுரூபத்தோடும் விளக்கோடும் தெருவில் முழங்காலில் நின்றார்கள். அதற்கடுத்த வீட்டில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கட்டிலோடும் நீட்டிய காலோடும் தெருவில் இருந்தார். சட்டையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வந்துவிடுமே, அப்படித்தான் இருந்தது. சுவர் நின்றது, கூரை நின்றது, கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள், அவ்வளவுதான். லில்லிபாய் கோழியை விரட்டிவிட்டுக் கஞ்சியை இறக்கினாள்.

இரண்டாம் நாளுக்குள் தெரு பழகிக்கொண்டது. காலையில் ஐந்தரை மணிக்குக் கோயில் மணி ஒன்று அடித்தால் ஆண்கள் எல்லோரும் தோர்த்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட வேண்டும், பெண்கள் குளித்து உடுத்திய பிறகு இரண்டு அடித்தால் திரும்பி வரலாம் என்று ஏற்பாடாயிற்று. மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் ஒரு கதவையும் தட்டாமல் முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, தன் சர்வீஸில் இப்படி ஒரு ஒத்துழைப்பைக் கண்டதில்லை என்றார். கட்டில்களுக்கு நடுவே பால்காரரின் சைக்கிள் வளைந்து வளைந்து போகப் பழகியது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது இருபது வீட்டுக்குத் தெரிந்ததால் இரண்டு வீட்டார் குழம்பை மாற்றி வைக்க ஆரம்பித்தார்கள். சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், ஆதித் திருச்சபையில் விசுவாசிகளுக்கு எல்லாம் பொதுவாக இருந்தது, அன்னம்மாள் நமக்கு அந்த வரத்தைத் தந்திருக்கிறாள், பொறுமையோடு ஏற்றுக்கொள்வோம் என்றார். அவருடைய பங்களா வளையத்துக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாவற்றையும்விட வேகமாக அவர்கள் கற்றுக்கொண்டது கண்ணைத் தாழ்த்துவது. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தால் கண்ணைத் தாழ்த்துவார்கள், புருஷனும் பெண்டாட்டியும் வாய்த்தகராறு செய்தால் கண்ணைத் தாழ்த்துவார்கள், தலைமையாசிரியர் பல்செட்டைக் கழற்றினால் கண்ணைத் தாழ்த்துவார்கள். அது மரியாதையாகத்தான் தொடங்கியது, மரியாதையாக இருந்தவரை அழகாகவும் இருந்தது. நாலாம் நாளில் நாற்பத்தொரு வீட்டாரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ளவும் இல்லை.

லேஸ் வேலை நிற்கவில்லை. முதல் வரிசை பின்னிக்கொண்டே தெருவைச் சுற்றி வந்தவர்கள், சுற்று முடிகிற இடத்தில் திகைத்து நின்றார்கள். சங்கிலியின் மேல்விளிம்பில் தொடங்கிய வரிசை கீழ்விளிம்பில் வந்து நின்றது. லில்லிபாய்தான் முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எடி சொர்ணம், நீ திருகலோட பூட்டியிருக்கடி," என்றாள். சொர்ணபாய் வந்து தடவிப் பார்த்தாள். வில்சன் கொடுத்த முனை முதுகு மேலாக இருந்தது. அவள் பார்க்காமல் பூட்டியிருந்தாள். உள்பக்கம் எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் அப்போதே விளங்கிவிட்டது, விளக்கிச் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. அவிழ்க்கலாமா என்று பேரவை கூடியது. அவிழ்த்தால் இந்த வருஷம் தேரில் சுற்ற லேஸ் பட்டி கிடையாது, தேரின் மானம் போய்விடும், இத்தனை நாள் இருந்தாயிற்று, பத்து நாளும் இருந்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை வில்சன் வாசித்தான்.

சொல்லத்தான் வேண்டும், அந்த ஏழு நாளும் வில்சன் தங்கமாக இருந்தான். மேபலுக்கு அவனே தண்ணீர் கோரிக் கொடுத்தான். பார்த்தாயா, மனுஷன் திருந்திவிட்டான் என்று தெரு குசுகுசுத்தது, குசுகுசுத்து நிம்மதியும் பட்டுக்கொண்டது. சொர்ணபாய் தூங்கவில்லை. எட்டாம் நாள் உச்சிவெயிலில் வில்சன் மேபலை அடித்தான். எதற்காக என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் அதுவும் ஒரு காரணமாக எண்ணப்பட்டுவிடும். நடுத்தெருவில், அன்னம்மாள் கோயிலுக்கு நேர் எதிரே, அவள் முடியைப் பிடித்துச் சுழற்றி, முதலில் கையால், பிறகு பெல்ட்டால் அடித்தான். பெண்கள் எல்லோரும் அவரவர் படியில் உட்கார்ந்து அடுத்த வரிசை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அந்த எட்டு நாளில் அன்றைக்குத்தான் தெருவில் ஆள் அதிகம். நாற்பது வீட்டாரும் கண்ணைத் தாழ்த்தினார்கள். எங்கேயோ ஒரு கை நீண்டு ரேடியோவைக் கூட்டியது. உடனே இன்னொன்று கூடியது. தெரு முழுக்கப் பாட்டாயிற்று.

சொர்ணபாய் கையிலிருந்த நூலைக் கீழே போட்டாள். ஐம்பத்திரண்டு வயசு, முழங்கால் வலி, ஓடி எத்தனையோ வருஷம். ஓடினாள். ஓடிப்போய் அவனுக்கும் மேபலுக்கும் நடுவில் விழுந்தாள். ஒரு அடி அவள் தோளில் விழுந்தது.

"கைய எடுல! சவத்து மூதி, கைய எடு!"

வில்சன் மூச்சு வாங்கினான். ஏழு நாள் ஒழுங்காக இருந்த களைப்பு அவன் முகத்தில் தெரிந்தது. கீழே கிடந்த சங்கிலியைக் காட்டினான், பின்னால் இருந்த சுவரைக் காட்டினான், தான் நின்ற தார்ரோட்டைக் காலால் தட்டிக் காட்டினான்.

"எனக்க வீட்டுக்குள்ள ஏறி வர ஒங்களுக்கு யாரு அனுமதி தந்தது? இது எனக்க வீடு. எனக்க வீட்டுக்குள்ள நான் என்னவும் செய்வேன்."

நடுரோட்டில் நின்றுகொண்டு சொன்னான். அதற்குத் தெரு தலையை ஆட்டியது. தலைமையாசிரியர் கட்டிலிலிருந்தபடி, "அவன் சொல்லுறதும் நியாயந்தான் சொர்ணம், முறைப்படி பாத்தா அது அவனுக்க வீட்டுக்குள்ளதான் வருது," என்றார். இரண்டு பேர் வந்து, மேபலை அல்ல, சொர்ணபாயைத் தூக்கி அவள் படியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் அந்த டம்ளரை எறிந்த எறியில் அது கோயில் சுவரில் போய் நெளிந்தது.

அன்று சாயங்காலமே பேரவை மறுபடியும் கூடியது. கூடினவர்கள் முகமெல்லாம் வாடியிருந்தது, ஒருவராலும் சோறு தின்ன முடியவில்லை. இதற்குமேல் இப்படி இருக்க முடியாது என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். தெருவில் குளித்தார்கள், தெருவில் தூங்கினார்கள், தெருவில் பல்லைக் கழற்றினார்கள், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள். மேபல் அடிபடுவதைப் பார்ப்பதை மட்டும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அதனால் சுவர் வேண்டும் என்றார்கள். பட்டி போனால் போகட்டும், தேர் வெறுமனே ஓடினால் ஓடட்டும், நாளைக்கே அவிழ்த்து நேராக இணைத்துவிட வேண்டும், வீடுகளுக்கு உள்பக்கம் திரும்ப வேண்டும். அடிக்கிறவனை நிறுத்தலாமே என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வில்சனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான், செயலர் என்ற முறையில் குறிப்பெழுதினான்.

ஒன்பதாம் நாள் காலையில் எல்லோரும் சொர்ணபாய் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி பூட்டியதை அவள் கையால்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். சாமியாரும் வந்திருந்தார்.

"சொர்ணபாய் அம்மா, மனித பலவீனம், கை தவறிப்போச்சு. ஊருக்காக அவிழ்த்து நேராச் சேர்த்துருங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுல நிம்மதியா இருக்கணும் இல்லையா?"

"ஆரு நிம்மதியா இருக்கணும் சாமி?" என்றாள் சொர்ணபாய். "சேத்துட்டா அவ உள்ள போவா. கதவு சாத்தும். பெறவு ஒங்க யாருக்கும் ஒண்ணும் கேக்காது. அதானே வேணும்? இத்தன பேருக்கும் கண்ணு இருக்கு, காது இருக்கு, வாயில நாக்கு மட்டும் கோழி கொத்திட்டுப் போயிட்டோ? அவன விடுங்க. நான் கேக்குறது ஒங்கள. எனக்க ரேடியோவும் அந்தக் கூட்டத்துல உண்டு, அதையும் சேத்துத்தான் கேக்குறேன்."

யாரும் நிமிரவில்லை. சாமியார்கூடத் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் அவுக்க மாட்டேன். அவ வந்து சொல்லட்டும்."

மேபலிடம் அந்தத் தெரு அதுவரை எதையும் கேட்டதில்லை. அவள் முதல் வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மெதுவாக வந்தாள். வில்சன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நல்ல குரலில், "சொல்லு மேபல், அவுக்கச் சொல்லு," என்றான்.

"அவுத்துருங்க மைனி," என்றாள் மேபல்.

தெரு பெருமூச்சு விட்டது. சொர்ணபாய்க்கு அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் மேபல் இன்னும் முடிக்கவில்லை.

"அவுத்துட்டு எனக்க சங்கிலிய எனக்கிட்ட தந்துருங்க. வளையத்துல சேக்கண்டாம். எனக்கு அந்த வீட்டுக்கு உள்பக்கம் வேண்டாம்."

அவள் குரல் பெரிதாக இல்லை. ஆனால் சுவரில்லாத தெரு அது, நாற்பது வீட்டுக்கும் கேட்டது.

"அதெப்படி?" என்று வில்சன் சிரித்தான். "இருபதடி குறையும். வளையம் எட்டாது. எப்படிச் சேப்பிய?"

சொர்ணபாய் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. வளையத்தின் மேல் பின்னியிருந்த வரிசைகளின் நூல்முனையைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது நாள் வேலை சரசரவென்று அவிழ்ந்து தெரு முழுக்கச் சுருள் சுருளாக விழுந்தது. அடிச்சங்கிலி மட்டும் மிஞ்சியது. மேபலின் துண்டை இரண்டு பக்கமும் அவிழ்த்து அவள் கையில் கொடுத்தாள். மற்ற இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிறகு நாற்பது வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இருபதடி குறையுது. நாப்பது பேரு இருக்கோம். ஆளுக்கு அரையடி கூடப் போட்டா எட்டும். முப்பது கண்ணி. போடுறவ போடுங்க. போடாதவ வீடு தெருவுல கெடக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல."

முதலில் தன் துண்டை எடுத்துத் தன் படியில் உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்துக்கு அவள் ஊசி ஒன்றுதான் ஓடியது. வில்சன் தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்தான், ஒவ்வொரு படியிலும் நின்றான். "அக்கா, நீங்க போடப்போறியளா? ஒங்க அப்பா செத்தப்ப நாற்காலி யாரு கொண்டுவந்தது?" என்றான். "சித்தி, நீங்களும் இந்தக் கூத்துல உண்டா? ஒங்க மவன் கல்யாணத்துக்குக் கோயில்ல வாசிக்க நான் வேண்டாமா?" என்றான். அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவனுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் லில்லிபாயின் படியில் நின்றபோது, தாழ்ந்த அவள் கண்ணுக்குக் கீழே அவள் ஊசி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"லில்லி அக்கா!"

"தள்ளி நில்லும் வில்சா, வெளிச்சத்த மறைக்காண்டாம்," என்றாள் லில்லிபாய். "பதினேழு… பதினெட்டு…"

அடுத்த வீட்டிலும் எண்ணுகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது. எல்லோரும் நல்ல மனசோடு போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப்பேர் வீட்டுக்கு உள்பக்கம் வேண்டும் என்ற ஆசையில்தான் போட்டார்கள், ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே போட்டாள், ஒருத்தியை அவள் மகள் வைது போடவைத்தாள். ஆனாலும் போட்டார்கள். அழுதுகொண்டு போட்டவர்களும் உண்டு. ஒருத்தி எண்ணிக்கை தப்பி மூன்று தடவை முதலிலிருந்து எண்ணினாள்.

சொர்ணபாய் வீடு வீடாக வந்து இணைத்தாள். கடைசி இணைப்பு அவளுடைய சங்கிலிக்கும் இரண்டாம் வீட்டுச் சங்கிலிக்கும் நடுவில், வில்சன் வீட்டு வாசலைத் தொடாமல், அதற்கு முன்னால் தார்ரோட்டின் மேலாகப் போயிற்று. பூட்டுமுன் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு கண்ணியாகத் தடவினாள், எங்கேயாவது முதுகு மேலே வந்திருந்தால் நிறுத்தி, பிடித்திருந்தவளை முறைத்துவிட்டுத் திருப்பி வைத்தாள். திரும்பி வந்து பூட்டினாள்.

லில்லிபாய் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், அவள் உள்ளே இருந்தாள். உள்ளேயிருந்து, "ஐயோ அம்மா, இருட்டா இருக்கு!" என்று சந்தோஷத்தில் கத்தினாள். நாற்பது வீட்டுக் கதவும் சாத்திச் சாத்தித் திறந்தன. தலைமையாசிரியரைக் கட்டிலோடு உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வில்சன் தன் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினான், தெருவில் நின்றான். கதவைத் திறந்து மறுபடி போனான், மறுபடி சாத்தினான், தெருவில் நின்றான். தாழ்ப்பாள் போட்டான், குறுக்கே கம்பி போட்டான், மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தான். தாழ்ப்பாளும் கம்பியும் மேசையும் அவனுமாகத் தெருவில் நின்றார்கள். சேராத வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மேபல் தன் இருபதடிச் சங்கிலியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சொர்ணபாயின் நாற்பத்தொன்றாவது வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பெண்கள் சொர்ணபாயைச் சூழ்ந்துகொண்டார்கள். கை தங்கக் கை என்றார்கள், இப்படி ஒரு நேரான வளையம் தெரு கண்டதில்லை என்றார்கள், நாளைக்குள் ஒரு வரிசையாவது பின்னிவிட்டால் தேருக்கு மானம் தப்பும் என்றார்கள். சாமியார் கும்பிட்டார். ஒருத்தி ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவந்து அவள் வாயில் ஊட்டப் பார்த்தாள். சொர்ணபாய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆச்சுடி, முப்பது கண்ணி போட?" என்றாள்.

மிட்டாய் கொண்டுவந்தவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"லில்லி, ஒனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

லில்லிபாய் ஊசியைப் புடவையில் குத்திக்கொண்டு யோசித்தாள். "ரெண்டு நிமிசம் இருக்கும்," என்றாள்.

"ரெண்டு நிமிசம்," என்றாள் சொர்ணபாய். "பதினோரு வருசம் அவ அடி வாங்கிட்டுக் கெடந்தா. ரெண்டு நிமிசம்!" அவள் படியில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள், அழுகையோடு ஒவ்வொருத்தி பேராகச் சொல்லி வைதாள், கடைசியில் தன் பேரையும் சொல்லி வைதாள். சுற்றி நின்றவர்களில் ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை, ஒருத்தியும் அவளை நிறுத்தவும் இல்லை.